டீச்சரின் இடது கண்

என் கையெழுத்தை முதலில் மன்னித்துவிடுங்கள். வரி மேலே ஏறும், பிறகு கீழே இறங்கும். சின்ன ‘ர’ எங்கே, பெரிய ‘ற’ எங்கே என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் ரேஷன் கடையிலும் மீன்துறை ஆபீஸிலும் கையெழுத்துப் போடத்தான். பேச்சும் வராது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் சுவர் ஓரமாகப் போய் நிற்பேன். எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கு ஆண்டு மலர் போடுகிறார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் இந்த அரையாண்டோடு மாறுதலாகிப் போகிறார் என்பதால், பெற்றோர்கள் அவரைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் அவருடைய இடது கண்ணைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் கண்ணில் பார்வை கிடையாது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும்போது ஸ்டூலிலிருந்து விழுந்து அடிபட்டது என்பதுதான் ஊர் சொல்லிவருகிற கதை. அது நடந்தபோது நான் பத்தடி தள்ளி நின்றேன். ஸ்டூல் எதுவும் அங்கே இல்லை.

எட்டு வருடத்துக்கு முந்திய டிசம்பர் அது. என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. வாடைக் காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. கரையில் கட்டியிருந்த வள்ளங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. டீச்சருக்குச் சொந்த ஊர் பரமக்குடி. தறி நெய்கிற வீட்டுப் பெண். எங்கள் ஊருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. தொண்டியில் ஓர் அறை எடுத்துத் தங்கி முதல் பஸ்ஸில் வருவார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் குடை பின்பக்கமாக மடங்கிப் போகும். குடையை விட்டுவிட்டு, பாலித்தீன் பையில் சுற்றிய பரீட்சைத் தாள் கட்டை நெஞ்சோடு இறுக்கிக்கொள்வார். குடை போனால் பரவாயில்லை, தாள் நனையக் கூடாது.

அந்த நாட்களில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலையில் வருகைப் பதிவை செல்போனில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காமல் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கொடிக்கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். பிறகு அரையாண்டுப் பரீட்சை. மத்தியானம் முட்டை உரிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுப்பார், மூக்கு ஒழுகுகிறதுகளுக்குச் சிந்திவிடுவார். சாப்பாடு முடிந்ததும் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை. ஒத்திகை நடக்கும்போதே நின்றபடி கையில் தாளை வைத்துத் திருத்துவார். இருபத்து மூன்றாம் தேதி பள்ளி மூடுவதற்கு முன் நாடகம் போட்டாக வேண்டும். அதற்கு வாள் வேண்டும், நட்சத்திரம் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் காம்பவுண்டுக்கு வெளியே நின்றேன்.

“உள்ள வாங்கண்ணே. நான் என்ன கடிக்கவா போறேன்?” என்றார். “நாங்க மாரியம்மன் கும்பிடுற ஆளுக. எனக்கு ஏரோது யாருன்னே தெரியாது. பிள்ளைகதான் சொல்லிக் குடுத்துச்சுக. பெரிய கொலகார ராசாவாம்ல?”

ஏரோது என்பவன், ஏசு பாலன் பிறந்ததைக் கேள்விப்பட்டு, ஊரில் உள்ள சின்னக் குழந்தைகளையெல்லாம் வெட்டச் சொன்ன ராசா. வேதத்தில் வருகிற கதை. ஐஸ் வைத்து மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டியை அறுத்து, வெள்ளித்தாள் ஒட்டி, ஆறு வாள் செய்து கொடுத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் நிஜ வாள் மாதிரியே இருந்தது. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் ஊரில் இரண்டு தெரு. மேலத் தெரு விசைப்படகுக்காரர்கள், கீழத் தெரு நாட்டுப்படகுக்காரர்களான நாங்கள். வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்குக் கடல், நான்கு நாள் எங்களுக்கு. ஒருவர் நாளில் மற்றவர் தொழிலுக்கு இறங்கக் கூடாது. இதற்குக் காகிதம் எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். ஆனால் அதை மீறினால் ரத்தம் பார்க்காமல் முடியாது. டீச்சருக்கு இது தெரியாது. வகுப்பில் குரல் பெரிய பையனை ஏரோதாகப் போட்டார். அவன் மேலத் தெரு. கடைசி பெஞ்சில் உட்காரும் உயரமான பையன்கள் ஆறு பேரைச் சேவகர்களாகப் போட்டார். அவர்களும் மேலத் தெருதான். துணிப் பொம்மையைப் பிள்ளையாக வைத்துக்கொண்டு அழுகிற அம்மாக்களாக முன்பெஞ்சுச் சின்னப் பெண்களைப் போட்டார். என் மகள் உட்பட எல்லாம் கீழத் தெரு. ஏரோதின் தகப்பன் விசைப்படகு டிரைவர். அவனும் நானும் இதே பள்ளியில் ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, எங்களுக்கு உரிய நாளில் அவர்கள் படகு இறங்கியது. காற்று நாலு நாளாக யாரையும் விடவில்லை, பண்டிகை வேறு வருகிறது, அதனால் இறங்கினார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். காலையில் அவர்கள் கரை திரும்பியபோது, அவர்களுடைய இழுவை வலையின் மடியில் எங்கள் நண்டு வலை சுருண்டு கிடந்தது. இழுக்க முடியாத இடத்தில் கத்தியால் வெட்டி எடுத்திருந்தார்கள். என் வலையும் அதில் இருந்தது. என் மச்சினன்தான் முதலில் படகில் தாவி ஏறினான். இரும்புக் கம்பியால் அவன் கையில் ஓங்கி அடித்தார்கள். முழங்கைக்குக் கீழே கை தனியாகத் தொங்கியது. அவன் கத்தவில்லை. தொங்கிய கையை மற்ற கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, காலால் உதைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. பெண்கள் கண்ணைப் பார்த்து மணலை வாரி வீசினார்கள். ஒரு கிழவரைத் தலைமுடியைப் பிடித்து வலைமேல் இழுத்துக்கொண்டு போனார்கள். துடுப்பு ஒன்று யாருடைய முதுகிலோ முறிந்தது. நான் சண்டைக்குப் போகிறவன் அல்ல. ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவனுடைய இரண்டு காதையும் பிடித்து, அவன் முகத்தை அலைக்குள் அழுத்திக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவன் நகம் என் கையைக் கிழித்தது எனக்கு வலிக்கவே இல்லை. யாரோ என்னைப் பின்னால் இழுத்தார்கள். அவன் இருமிக்கொண்டு எழுந்தபோதுதான் முகம் தெரிந்தது. டிரைவர். எச்சிலைத் துப்பிவிட்டு, “ஏலே, என்னயவா?” என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. அதிசயப்பட்டுக் கேட்டான்.

போலீஸ் வந்து இரண்டு பக்கமும் எச்சரித்துவிட்டுப் போனது. எவன் பெயராவது மறுபடி வந்தால் உள்ளே போட்டுவிடுவோம், பண்டிகை ஜெயிலில்தான் என்றார்கள். இரண்டு நாள் கழித்துப் புதிய வலைக்குச் சிமெண்டுக் குண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். நண்டு வலை தரையில் நிற்பதற்கு அடியில் கட்டுகிற குண்டு அது. டீ கப்பில் சிமெண்டை ஊற்றி, காய்வதற்குள் கம்பியைச் செருகி, ஆணியால் அடையாளம் போடுவோம். கையில் மாவுக்கட்டோடு என் மச்சினன் வந்தான்.

“மச்சான், நீ செஞ்ச வாளு ரொம்ப அம்சமா இருக்காம்ல?”

நான் அடுத்த கப்பில் சிமெண்டை ஊற்றினேன்.

“டிரைவர் மகன் அத உன் மக கழுத்துல வச்சு அறுத்துப் பாத்தானாம். வலைய வெட்டுனது பத்தலன்னு இப்ப பிள்ளைகள வெட்டுறானுக. அதுக்கு வாளு நம்ம வீட்ல இருந்து போயிருக்கு. நல்லாருக்குய்யா உன் ரோசம்!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. காய்ந்திருந்த குண்டு ஒன்றைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு எழுந்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால், எறிவதற்குத்தான் எடுத்தேன். தெரியாமல் எடுத்தேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

கீழத் தெரு மொத்தமும் பள்ளிக்குப் போனது. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். செய்தி தெரிந்து மேலத் தெருவும் வந்துவிட்டது. உள்ளே நாடகப் பாட்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. டீச்சர் வராந்தாவுக்கு வந்தார். தலைமுடியில் நட்சத்திரத்துக்கு ஒட்டுகிற ஜிகினாத் தூள் ஒட்டியிருந்தது. கையில் சிவப்புப் பேனா.

“ஏங்க, இது சும்மா நாடகங்க” என்றார்.

“என்ன நாடகம்? எங்க பிள்ளைகள வரிசையா நிப்பாட்டி வெட்டுற நாடகமா?” என்று எங்கள் கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. “தப்புதாங்க. எனக்குத் தெரியல. மாத்திக்கிறேன். ஏரோதுக்கு உங்க தெருவுலயே நல்லாச் சத்தம் போடுற பையனாப் பாத்துக் குடுங்க.”

“எங்க தெருவுல கொலகாரன் எவனும் இல்ல!” என்று ஒரு பெண் கத்தினாள்.

“அப்ப எங்க தெருவுலதான் இருக்கானாக்கும்?” என்று மேலத் தெருப் பக்கமிருந்து டிரைவர் முன்னால் வந்தான்.

அவ்வளவுதான். முதல் கல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ஓட்டின் மேல் விழுந்து சில்லுகள் சிதறின. ஜன்னல் கண்ணாடி உடைந்தது. உள்ளே பிள்ளைகள் வீறிட்டு அழுதன. டீச்சர் கதவுக்குள் தலையை விட்டு, “பாட்டை நிறுத்தக் கூடாது, சத்தமாப் பாடுங்க!” என்று அதட்டினார். அழுதுகொண்டே பாடினார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் வெளியே வராந்தா ஓரத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். டீச்சர் அவளை இழுத்துக் கதவுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினார். டிரைவர் அவருக்கு முன்னால் படிக்கட்டில் நின்றான். நான் மடியிலிருந்து குண்டை எடுத்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் எறிவதையும் பார்த்தான். குனிந்தான்.

அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியும். ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம். டீச்சர் கத்தவில்லை. சுவரில் சாய்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக உட்கார்ந்தார், ஏதோ வேலை முடிந்து அசந்து உட்காருகிற மாதிரி. கண்ணைப் பொத்திய விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்து, முழங்கை வரை ஓடி, மடியில் விழுந்தது. கூட்டம் முழுவதும் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே பாட்டு மட்டும் கேட்டது.

“பிள்ளைகள வெளிய விடாதீக, பயந்துரும்” என்றார் அவர்.

டிரைவர்தான் மீன் ஏற்றுகிற லோடு ஆட்டோவைப் பள்ளி வாசலுக்குள் கொண்டுவந்தான். “ஏத்துங்கடா!” என்று கத்தினான். யாரும் அசையவில்லை. நான் போய்த் தூக்கினேன். பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் தலையை என் தொடையில் வைத்துக்கொண்டேன். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி வரைக்கும் அப்படியே போனோம். வண்டி குதிக்கும்போதெல்லாம் என் சட்டை சூடாக நனைந்தது. நான் தண்ணீரில் அழுத்திப் பிடித்தவன் வண்டி ஓட்டுகிறான், நான் எறிந்த குண்டு பட்டவர் என் மடியில் கிடக்கிறார்.

பாதி வழியில் டிரைவர் திரும்பாமல், “டீச்சர், எறிஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும்” என்றான்.

“எனக்குத் தெரிய வேணாம்” என்றார் டீச்சர். “ரெண்டு பேரும் கேளுங்க. நட்சத்திரம் கட்டுறப்ப ஸ்டூல் சாஞ்சு விழுந்துட்டேன். அதையே சொல்லுங்க. ஊருலயும் அதையே சொல்லச் சொல்லுங்க. கல்லுன்னு சொன்னா அம்பது பேரைப் பிடிச்சுட்டுப் போவாக. இருபத்தி மூணாந்தேதி என் பிள்ளைக அப்பன் இல்லாம வந்து நிக்கும்.”

ஆஸ்பத்திரியில் ஏட்டு ஒருவர் நோட்டோடு வந்தார். காயத்தை உற்றுப் பார்த்தார்.

“ஸ்டூலு எத்தனை அடிம்மா? கல்லு கிழிச்ச மாதிரியில்ல இருக்கு?”

“கவர்மெண்டு ஸ்டூலு சார். ஒரு கால் குட்டை. நீங்களும் ஏறிப் பாருங்க, தெரியும்.”

ஏட்டு சிரித்துவிட்டார். என்னைப் பார்த்து, “நீ பாத்தியா?” என்றார். நான் தலையாட்டினேன். டிரைவரைப் பார்த்தார். என்னை உள்ளே தள்ள அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, “ஸ்டூலுதான் சார்” என்றான்.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ஆறாம் நாள், இருபத்து மூன்றாம் தேதி, பாதி முகத்துக்குக் கட்டோடு டீச்சர் அதே முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். திருத்தாமல் விட்ட தாள்களை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து ஒற்றைக் கண்ணால் திருத்தி முடித்திருந்தார். நாடக வேஷங்களை இரண்டு தெருவுக்கும் கலந்து போட்டுவிட்டார். ஏரோது மட்டும் அவனேதான், வேறு யாருக்கும் அந்தக் குரல் இல்லை. திரைச்சேலையின் ஒரு முனையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். மறுமுனைக்கு டிரைவரைக் கூப்பிட்டார். எங்களிடம் கேட்கவில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி.

இரண்டு தெருவும் மைதானத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தன. ஆண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த நிமிடமும் எழுந்துவிடுகிற மாதிரி இருந்தார்கள். ஏரோது “ஒன்றையும் விடாதீர்கள், வெட்டுங்கள்!” என்று கத்தினான். சேவகன் வாளை ஓங்கிக்கொண்டு என் மகளிடம் வந்தான். அவள் மண்டியிட்டு அழ வேண்டும். அழவில்லை. பொம்மையின் காலைப் பிடித்துச் சுழற்றி அவன் தலையில் ஓங்கி அடித்தாள். தெர்மாகோல் வாள் இரண்டாக உடைந்தது. பிறகு ஏரோதையும் விரட்டினாள். ராசா கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், இவ கதைய மாத்துறா!” என்று ஓடினான். யாரோ ஒரு கிழவி முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்தால் தையல் வலித்திருக்கும். நான் பிடித்திருந்த திரை நடுங்கியது. காற்று என்று நினைத்தேன். மறுமுனையில் டிரைவர் தோளைக் குலுக்கி அழுதுகொண்டிருந்தான்.

ஜனவரியில் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். நான் பெயரின் முதல் எழுத்தை மட்டும்தான் போடுவேன். ‘ஞா’. அந்த ‘ஞ’ எனக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை; அடியில் சுழிக்க வேண்டியதை மறுபக்கம் சுழித்துவிடுவேன். “நண்டு மாதிரி இருக்கு அய்யா” என்று மகள் கேலி செய்வாள். நான் எழுதுவதை டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் மேசை டிராயரைத் திறந்து ஒரு சிமெண்டுக் குண்டை எடுத்து, கார்டுகளின் மேல் வைத்தார்.

“காத்துல பறக்குது” என்றார்.

எழுத்து இருக்கிற பக்கம் கீழே இருந்தது. ஆனால் அந்தக் குண்டை எனக்குத் தெரியாதா? ஆணியால் கீறியது நான். ஊர் முழுவதிலும் அப்படி ‘ஞ’ போடுகிறவன் நான் ஒருவன்தான். அன்றிலிருந்து எட்டு வருடமாக அது அவர் மேசைமேல்தான் இருக்கிறது. எல்லா வகுப்புக் கார்டும் அந்த மேசையில்தான் என்பதால், மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை ஒவ்வொரு பரீட்சைக்கும் நான் அதன் முன்னால் நின்று கையெழுத்துப் போட்டேன். பிறகும் வருடா வருடம் நட்சத்திரம் கட்டப் போனேன். அவர் அதைத் திருப்பி வைக்கவும் இல்லை, நான் வாயைத் திறக்கவும் இல்லை. போலீஸுக்குப் பயந்து முதல் வருடம் பேசவில்லை. அடுத்த வருடங்களில் போலீஸ் பயம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே என்ற பயம்தான். இப்போது அவர் போகிறார். இனிமேல் சொல்ல மேசை கூட இருக்காது.

போன வாரம் போய், மலருக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னேன். எதைப் பற்றி என்று கேட்டார். அந்த வருடத்துக் கிறிஸ்துமஸைப் பற்றி என்றேன்.

“நட்சத்திரத்தைப் பத்தி எழுதுங்கண்ணே. அந்த வருசம் நீங்க கட்டுனதுதான் ரொம்ப அழகு.”

“இல்ல டீச்சர்” என்றேன். என் பார்வை மேசைமேல் இருந்த குண்டுக்குப் போனது.

அவர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அந்தக் குண்டை எடுத்து, எழுத்து மேலே தெரியும்படி திருப்பி வைத்தார். “அப்ப முழுசா எழுதுங்க” என்றார். அடுத்த தாளை எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

முழுவதையும் எழுதுவதென்றால் அந்தப் பொய்யில் இன்னொருவனுக்கும் பங்கு இருக்கிறது. அவனைக் கேட்காமல் எழுத முடியாது. எட்டு வருடத்துக்குப் பிறகு இன்று காலை டிரைவர் வீட்டுக்குப் போனேன். அவன் பேரனுக்கு, அந்த ஏரோதின் அக்காள் மகனுக்கு, நகம் வெட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். எறிந்தது நான்தான் என்று எழுதப் போகிறேன், நீ ஸ்டூல் என்று சொன்னதையும் எழுத வேண்டியிருக்கும், எழுதவா என்று கேட்டேன். அவன் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பேரனை உள்ளே அனுப்பினான்.

“எழுது” என்றான். நான் எழுந்தபோது என் கையைப் பிடித்தான். “ஏலே, நான் குனிஞ்சேன்ல? பின்னால டீச்சர் நிக்கிறாகன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குனிஞ்சேன். அதையும் எழுது.”

எழுதிவிட்டேன்.

டிசம்பர் இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை.